அம்மனுக்கு விட்ட ஆமணக்கு

என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தரையில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கச் சுவரைத் தேடுகிறவர்கள், வெள்ளிக்கிழமை கோயில் படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறவர்கள், நீங்கள்தான் இதைப் பொறுமையாகப் படிப்பீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்ற பயம் கொஞ்ச நாளாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

போன புரட்டாசியில் என் மகன் இராமநாதபுரத்தில் நடந்த விவசாயப் பயிற்சிக்கு ஒருநாள் போய்விட்டு வந்தான். கையில் மஞ்சள் நிறத்தில் ஒட்டுகிற அட்டைகள், ஒரு பாட்டில் வேப்பெண்ணெய், ஒரு அச்சடித்த தாள். சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னான்.

"அம்மா, மிளகாயைச் சுத்தி ஆமணக்கு ஊனணுமாம். புழுப்பூச்சி மொதல்ல அதுலதான் முட்டை வைக்குமாம். நாம தெனம் போயி அந்த எலையை மட்டும் கிள்ளிப் போட்டாப் போதும், மருந்தே வேண்டாங்கிறாக. பொறிப்பயிர்னு பேரு. ஒனக்கு இது தெரியுமா?"

"தண்ணி குடிச்சியா?" என்று கேட்டேன்.

தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்று கேட்பான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஐம்பது வருஷத்துக்குப் பின்னால் போக வேண்டும். அவ்வளவு தூரம் நடக்க அன்றைக்குத் தெம்பில்லை. இன்றைக்கு மெல்ல நடந்து பார்க்கிறேன்.

எங்கள் ஊர் வானம் பார்த்த ஊர். புரட்டாசி ஐப்பசியில் மழை விழுந்தால் குண்டு மிளகாய் விதைப்போம். தையில் பழம் எடுக்கத் தொடங்கினால் பங்குனி வரைக்கும் களமெல்லாம் சிவப்பாகக் கிடக்கும். வீட்டில் யாராவது தும்மிக்கொண்டே இருப்பார்கள். மிளகாய் விதைக்கிற அன்றைக்கே காட்டின் நான்கு ஓரத்திலும் ஆமணக்கு ஊன்றுவது வழக்கம். அது அம்மனுக்கு விட்டது. அந்தக் கொட்டையைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெய் ஊர்க் காளியம்மன் கோயில் விளக்குக்குப் போகும்.

அந்தச் செடிக்கு இரண்டு கட்டு உண்டு. கொட்டை முற்றுகிற வரை அதில் இரும்பு படக்கூடாது. செடி பட்டுப்போனாலும் நெருப்பில் போடக்கூடாது, தானாக மக்க வேண்டும். அம்மனுடைய பொருள் அல்லவா. ஏன் ஓரத்தில் மட்டும், ஏன் நான்கு பக்கமும் என்று யாரும் கேட்டதில்லை. நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். அம்மா குனிந்து களை எடுத்தபடியே சொன்னாள்.

"வாசல்லயே எலை போட்டுப் பரிமாறிட்டா, உள்ள வந்து பந்தி கேக்காதுல்ல. அதுக்குத்தான்."

பூச்சியைச் சொல்கிறாள் என்பதே எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நான் சொல்ல வந்த வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயது. ஊரில் பாதிப் பேர் ஆமணக்கு போடுவதை நிறுத்திவிட்டார்கள். தெளிக்கிற மருந்து வந்துவிட்டது. விளக்குக்குக் கடையில் எண்ணெய் வாங்கி ஊற்றிவிட்டு, ஓரத்திலும் மிளகாயே போட்டார்கள். எங்கள் காட்டில் மட்டும் அம்மா விடவில்லை. அய்யாவும் அம்மனுக்கு விட்டது என்பதால் ஒன்றும் சொன்னதில்லை. அவர் காலையில் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

ஆமணக்கில் புழு எடுப்பது என் வேலை. அக்காவுக்குக் கல்யாணம் பேசியிருந்தபடியால் அவளைக் காட்டுக்கு அனுப்புவதைக் குறைத்துவிட்டார்கள். விடிந்ததும் நான் போவேன். குழந்தைகளுக்குப் பால் மாவு வருகிற தகர டின் ஒன்று இருந்தது. அய்யா அதில் இரண்டு துளை போட்டுக் கம்பி கோத்துத் தூக்கு மாதிரி செய்து கொடுத்திருந்தார். பாதி டின் தண்ணீர், அதில் ஒரு மூடி மண்ணெண்ணெய். ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். இலையின் அடியில் பழுப்புப் பஞ்சை ஒட்டி வைத்தாற்போல இருந்தால் அது முட்டை. இலை சல்லடையாக, வெறும் நரம்பாக நின்றால் குஞ்சு பொரித்துவிட்டது என்று அர்த்தம். மயிர் கனம்தான் இருக்கும், நூறு நூறாய் ஒரே இலையில் கூட்டமாக மேயும். அந்த இலையை அப்படியே கிள்ளி டின்னில் அமுக்க வேண்டும்.

நான் அந்த வேலையை ஆசையாகச் செய்தேன் என்று எழுதினால் பொய். அருவருப்பாக இருக்கும். ஆமணக்கு இலையைக் கிள்ளினால் வருகிற பச்சை வாடையும் மண்ணெண்ணெயும் சேர்ந்து விரல் இடுக்கில் தங்கிவிடும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தயிர்ச் சோற்றைப் பிசைந்தால் தயிர்ச் சோறே மண்ணெண்ணெயாக மணக்கும்.

பிடித்தது ஒன்று உண்டு. காட்டுக்குள் அங்கங்கே பனைமட்டையைத் தலைகீழாக நட்டிருப்போம், குருவி உட்கார. கரிச்சான் குருவிகள் வந்து உட்கார்ந்து இரட்டை வாலை ஆட்டும். திடீரென்று அம்பு மாதிரி இறங்கிப் புழுவைக் கொத்திக்கொண்டு மறுபடி மட்டைக்கே வந்துவிடும். மதுரைச் சொக்கநாதர் அருள் கொடுத்த குருவி என்று அய்யா அதைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். குருவி அவரைக் கண்டுகொள்ளாது.

பொங்கல் முடிந்தது. மாமா பெண்டாட்டிக்குப் பிரசவம் என்று அபிராமம் பக்கத்திலிருந்து ஆள் வந்தது. அம்மா தன் பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டாள். மஞ்சள் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ் வருகிற வரை என்னிடம் ஒரே பேச்சுதான்.

"ஏத்தா, ரெண்டு வாரத்துல வந்துருவேன். ஒரு நாளும் விட்றாத. ஒரு நாள் விட்டா முட்டை பொரிச்சிரும். நாலு நாள் விட்டா அது நம்ம சொல்லுக் கேக்காது. தெனம் டின்னுல புதுத் தண்ணி மாத்து. கேக்குதா?"

"கேக்குதும்மா."

கேட்டது. மூன்று நாள் ஒழுங்காக எடுத்தேன்.

நாலாம் நாள் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். "என்னடி இப்படி நாறுது?" என்றாள். முன் வரிசையில் ஒருத்தி, வாயாடி, திரும்பிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"மண்ணெண்ணெய் வருதுடி. யாராச்சும் தீப்பெட்டி இருந்தா எடுங்க, சிம்னி வெளக்கைப் பத்த வைப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்கத்தான் இருக்கும். அன்றிலிருந்து எனக்குப் பெயர் சிம்னி விளக்கு. இப்போது நினைத்தால் இது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றுகிறது. பன்னிரண்டு வயதில் அதைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் இல்லை.

மறுநாள் காட்டுக்குப் போனேன். டின்னை வேலிக் கருவேலங் கிளையில் மாட்டினேன். பனை நிழலில் உட்கார்ந்து கரிச்சானை வேடிக்கை பார்த்தேன். பொழுது ஏறியதும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"எடுத்தியாடி?" என்று அக்கா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"எடுத்தேன்."

முதல் நாள் அக்கா முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். இரண்டாம் நாள் பார்த்தே சொன்னேன். மூன்றாம் நாள் அக்கா கேட்கவுமில்லை. அப்படியே ஒன்பது நாள், பத்து நாள். ஆமணக்குப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை. இராமநாதபுரத்தில் பத்திர வேலையாகப் போய்விட்டுத் திரும்பிய அக்காவின் மாமனாராகப் போகிறவரும் அவருடைய தம்பியும் எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். வழியில் வந்தோம், காட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று. அய்யா காட்டில்தான் நின்றார். நானும் நின்றேன். மிளகாய் அந்த வருஷம் கண்ணேறு படுகிற மாதிரி நின்றது. செடிக்குச் செடி பிஞ்சும் காயும், அங்கங்கே ஒரு பழமும். அந்தக் காய்ப்பை வைத்துத்தான் அய்யா வைகாசியில் கல்யாணம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். வேறு வருமானம் கிடையாது.

ஆனால் வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது ஓரம். ஆமணக்கில் இலையே இல்லை. நரம்பு நரம்பாக, கிழிந்த வலையைத் தொங்கவிட்ட மாதிரி. தண்டெல்லாம் கன்னங்கரேல் என்று விரல் மொத்தப் புழு. கீழே கடுகு கொட்டினாற்போல அதன் எச்சம்.

தம்பிக்காரர் கேலிப் பேச்சுக்காரர். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன மச்சான், ஊருல அவுக அவுக ஆடு வளப்பாக, மாடு வளப்பாக. நீங்க புழு வளக்குறீகளா?"

"சும்மா இருடா. அது அம்மனுக்கு விட்டது" என்றார் பெரியவர்.

"அம்மனுக்கு விட்டதை இப்படியா வைப்பாக? வெளக்குக்கு எண்ணெய் போற வரைக்கும் இந்தப் புழு விட்டு வைக்கும்ங்கிறீக?"

அய்யாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார், மறுபடி மாற்றினார். போகும்போது பெரியவர், "வர்ற வெள்ளிக்கிழமை பொம்பளைகளையும் கூட்டிக்கிட்டு வாரோம் மச்சான், கை நனைச்சிருவோம்" என்றார். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். தண்ணீரோடு சரி. கை நனைத்துவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி.

அவர்கள் தலை மறைந்ததும் அய்யா என்னைக் கூப்பிட்டார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏத்தா, நீ தெனம் எடுக்குறியா இல்லையா?"

"எடுக்குறேன்ய்யா."

"ஒரு நாளு விடாம?"

"ஒரு நாளும் விடலைய்யா."

"எடுத்துமா இம்புட்டு?"

அவர் குனிந்து ஒரு தண்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "புள்ளை தெனம் எடுத்தும் இவ்வளவுன்னா, இந்தச் செடிதான் ஈன்று தள்ளுது. ஒங்கம்மா சொல்றது தப்பு. புழு இதுக்கு வரலை, இதுலருந்துதான் வருது."

என் வயதுக்காரர்களே, இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். ஒரு வார்த்தை. எடுக்கலைய்யா, பத்து நாளா எடுக்கலை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் முதுகில் இரண்டு விழுந்திருக்கும். அன்றைக்கே எல்லாரும் சேர்ந்து புழு பொறுக்கியிருப்போம். அய்யா முட்டாள் இல்லை. நான் கொடுத்த கணக்குத்தான் பொய்க்கணக்கு. அதை வைத்து அவர் சரியாகத்தான் கூட்டினார்.

அன்றைக்குச் சாயந்திரமே பூசாரியைப் போய்ப் பார்த்தார். நானும் கூடப் போனேன்.

"அம்மன் செடிங்க. எடுக்கலாமா கூடாதான்னு நீங்கதான் சொல்லணும். வெளக்குக்கு எண்ணெயைக் கடையில வாங்கிக் குறையில்லாம ஊத்திருவேன்."

பூசாரி விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே, "எல்லாரும் அப்படித்தானப்பா செய்யுறாக. இரும்பு படாம எடு, நெருப்புல போட்றாத. அவ ஒண்ணும் கோவிச்சுக்கிற மாட்டா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, திருநீறு பூசி, ஓரத்தில் ஒரு சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு அய்யா ஆமணக்கைப் பிடுங்கினார். அரிவாள் தொடவில்லை. கையால், வேரோடு. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. நானும் பிடுங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகப் பிடுங்கினேன். இனிமேல் டின் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சிம்னி விளக்கு இல்லை.

பிடுங்கியதை என்ன செய்வது? வேறு எந்தக் குப்பையாக இருந்தாலும் அய்யா அந்த இடத்திலேயே தீ வைத்திருப்பார். இது அம்மன் பொருள். தானாக மக்க வேண்டும். காட்டின் வரப்பிலேயே, யார் காலும் படாத மூலையில், மரியாதையாக அடுக்கி வைத்தார். இரண்டு கட்டையும் எழுத்துத் தவறாமல் காப்பாற்றினார். காடு போனது அதனால்தான்.

தை வெயிலில் இலை என்று மிஞ்சியிருந்ததெல்லாம் ஒரே நாளில் சுருண்டுவிட்டது. காய்ந்ததைப் புழு தின்னாது. அது இறங்கி நடந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் நாலு வரிசை மிளகாயில் கொழுந்து இல்லை. நாங்கள் ஆடு புகுந்துவிட்டது என்று நினைத்தோம். அய்யா வேலியைச் சரி செய்தார். புதன்கிழமை காலையில் நடுக்காடு வரைக்கும் வந்துவிட்டது. காயில் ஆணி அடித்துப் பிடுங்கினாற்போல ஓட்டை. தொட்டால் காய் காம்போடு கையில் வந்தது. செடிக்கடியில் மண்ணைக் கிளறினால் வெயிலுக்குப் பயந்து சுருண்டு படுத்திருந்தது, கொத்துக் கொத்தாக. அய்யா வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு மதிய பஸ்ஸில் அம்மா வந்தாள். யாரோ வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போகவில்லை, மஞ்சள் பையோடு நேரே காட்டுக்கு வந்தாள். நான்கு ஓரத்தையும் பார்த்தாள். அழுவாள், ஏசுவாள் என்று நின்றோம். மூலையில் அடுக்கியிருந்த ஆமணக்குக் குவியலுக்குப் போய், மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தாள். காய்ந்த சருகு. ஒரு புழு இல்லை.

"இதுல இருந்ததெல்லாம் எங்கங்க போச்சு?" என்று கேட்டாள்.

கேள்வியே பதிலாக இருந்தது. புழுவை மிளகாய்க்குள் இறக்கிவிட்டது தான்தான் என்று அய்யாவுக்கு அப்போதுதான் புரிந்ததை அவர் முகத்தில் பார்த்தேன்.

அம்மா திரும்பி வேலிப் பக்கம் வந்தாள். கருவேலங் கிளையில் தொங்கிய டின்னை எடுத்து உள்ளே பார்த்தாள். என் வலது கையைப் பிடித்துத் தூக்கி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். முத்தம் கொடுக்கவா, கடிக்கவா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கையை விட்டுவிட்டாள். "வா, பொறுக்குவோம்" என்றாள். அவ்வளவுதான்.

பொறுக்கினோம். அக்காவும் வந்தாள். டின் போதாமல் தூக்குவாளி, குத்துப்போணி எல்லாம் எடுத்து வந்தோம். நான் வெறும் கையால் அள்ளினேன். அருவருப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மா வீட்டிலிருந்த வேப்பங்கொட்டையை உரலில் இடித்து, துணியில் முடிந்து ஊறவைத்து, மறுநாள் விடியற்காலையில் அந்தப் பால் மாதிரித் தண்ணீரை வேப்பங்குழையால் தெளித்தாள். குஞ்சுப் புழுவாக இருந்திருந்தால் கேட்டிருக்கும். இது பெரும் புழு. கசப்பாக இருக்கிறதே என்று கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த செடிக்குப் போனது.

வியாழக்கிழமை அய்யா பக்கத்து ஊரில் தெளிப்பானும் மருந்தும் வாங்கி வந்தார். எங்கள் காட்டில் அதுவரை மருந்து வாடை அடித்ததில்லை. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, எதிர்காற்றா அனுகாற்றா என்று பார்க்காமல், வெயில் சாய்கிற வரை அடித்தார். தடித்த புழு அதற்கும் லேசில் சாகவில்லை. மறுபடி கலந்து, இன்னும் கெட்டியாகக் கலந்து அடித்தார். பனைமட்டைக்கு அடியில் ஒரு கரிச்சான் சிறகை விரித்தபடி கிடந்தது. அலகில் ஒரு புழு. அய்யா தெளிப்பானை இறக்கி வைத்து, குழி தோண்டி, மடியிலிருந்த திருநீற்றைத் தூவி அதைப் புதைத்தார். எழுந்திருக்கும்போதே வாந்தி எடுத்தார். அம்மாவும் நானும் தாங்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். நாளை மாற்றச் சொல்லி ஆள் அனுப்பக்கூட நேரமில்லை. சோறு, பருப்பு, அப்பளம், பாயசம் எல்லாம் செய்திருந்தோம். வாழை இலையைக் கழுவி வரிசையாகப் போட்டிருந்தது. அய்யா பாயில் சுருண்டு கிடந்தவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, "வாங்க மச்சான், வாங்க" என்றார். வீடு முழுக்க மருந்து வாடை. அவர் மேலிருந்து வருகிறதா, காட்டிலிருந்து வருகிறதா, தெரியவில்லை. மாப்பிள்ளையின் தாயார் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். வருகிற வழியில் காட்டையும் பார்த்திருந்தார்கள்.

பெரியவர் நல்ல மனிதர். அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், நீங்க மொதல்ல ஒடம்பைப் பாருங்க. சாப்பாடு எங்க போகுது? இன்னொரு நாளைக்கு வாரோம்."

"ஒரு வாய் மட்டும் மச்சான்" என்றார் அய்யா.

"இன்னொரு நாளைக்கு."

தண்ணீர்ச் செம்பு மட்டும் கை மாறிப் போனது. அவர்கள் போன பிறகு அக்கா வரிசையாகக் கிடந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்றிலும் ஒரு பருக்கை இல்லை, கழுவிய தண்ணீர்கூடக் காயவில்லை. அடுக்கி என் கையில் கொடுத்தாள்.

"மாட்டுக்குப் போடுடி" என்றாள்.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. ஆடியில் அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டதாகச் சேதி வந்தது. அக்காவுக்கு மூன்று வருஷம் கழித்துச் சாயல்குடிப் பக்கம், உப்பளத்தில் வேலை செய்கிறவருக்குக் கட்டிக் கொடுத்தோம். உப்பு வெட்டி வெட்டி அவள் கால் வெடித்துப் போனது. பார்க்கப் போனால் சிரித்துக்கொண்டேதான் பேசுவாள். "ஒண்ணு பாத்தியாடி, உப்புல புழு வைக்காது." நான் சிரிக்க மாட்டேன். ஏன் சிரிக்கவில்லை என்று அவள் கேட்டதும் இல்லை.

அடுத்த புரட்டாசியில் மழை விழுந்ததும் ஆமணக்கை ஊன்றியது அய்யா. அம்மா சொல்லவில்லை, அவராகவே. புழு எடுக்கப் புறப்பட்ட என் கையிலிருந்து டின்னை வாங்கிக்கொண்டார்.

"நீ பள்ளிக்கூடத்துக்குப் போத்தா. நீ தெனம் எடுத்தும் நான் ஒன் சொல்லை நம்பாம ஒன்னையச் சந்தேகமாக் கேட்டேன். எம்புத்திதான் கோணிப்போச்சு. நான் எடுக்குறேன்."

அன்றிலிருந்து அவர்தான் எடுத்தார். மழையிலும் பனியிலும். அந்த மருந்துக்குப் பிறகு அவருக்கு இருமல் நிற்கவே இல்லை. தூரத்தில் இருமல் கேட்டால் அவர் எந்த ஓரத்தில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். காட்டில் ஆமணக்கு இருந்தும், வெள்ளிக்கிழமைதோறும் கடை எண்ணெயும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டுபோய் விளக்கில் ஊற்றுவார். ஏன் இரண்டு எண்ணெய் என்று பூசாரி கேட்டதற்கு, "அது அவளுக்கு உள்ளது. இது நான் கட்டுற அபராதம்" என்றாராம். சாப்பிட உட்காரும்போது அவர் கையிலிருந்து மண்ணெண்ணெய் வாடை வரும். நான் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். கல்யாணமாகி நான் போகிற வரை தினமும் இதேதான். தினமும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன்.

அவர் காலமாகிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அம்மாவும் நானும் தனியாக இருந்தோம். நான் அழுதேன். வேறு எதற்கோ அழுகிற மாதிரித்தான் அழுதேன். அம்மா வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"நீ எடுக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

நான் நிமிர்ந்தேன்.

"டின்னு காஞ்சு கெடந்துச்சு, உள்ள சிலந்தி கூடு கட்டியிருந்துச்சு. ஒன் கையை மோந்து பாத்தேன். சோப்பு வாசம் வந்துச்சு."

"ஏம்மா சொல்லலை? அய்யாகிட்ட ஏன் சொல்லலை?"

"மூத்தவ வாழ்க்கையைச் சின்னவ கெடுத்தான்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்தா, அப்புறம் ஒன்னைய எவன் கட்டுவான்? செடியைப் புடுங்குனது ஆம்பளை. ஆம்பளைக்குத் தாங்கும்னு நெனச்சேன்." வெற்றிலையைக் கீழே வைத்தாள். "தாங்கலைத்தா."

அம்மாவும் போய் வெகுநாளாகிவிட்டது. அந்த டின் எங்கே போனதென்று தெரியவில்லை. கல்யாணமான வருஷமே கேட்டு வாங்கி வந்திருக்க வேண்டும்.

மகன் அந்தத் தாளில் போட்டிருந்தபடியே செய்தான். மிளகாயைச் சுற்றி ஆமணக்கு, நடுவில் குருவி உட்காரக் குச்சி, மஞ்சள் அட்டை. இப்போது தை மாதம். விடிந்ததும் நான்தான் போகிறேன். முழங்கால் மடங்காது, அதனால் ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு போய் ஓர் ஓரத்துக்கு நாலு இடத்தில் போட்டு உட்கார்ந்து எடுக்கிறேன். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்கிறான். வேண்டாம் என்றுவிட்டேன். கரிச்சான் வருகிறது, ஒன்றிரண்டு.

மண்ணெண்ணெய் கிடைப்பது இப்போது அரிது, சோப்புத் தண்ணீரே போதும் என்கிறான். போதும்தான், புழு செத்துவிடுகிறது. பழைய பாட்டில் ஒன்றில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன். அவன் பார்க்காதபோது ஒரு மூடி ஊற்றிக்கொள்கிறேன்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. எடுத்து முடித்து, குளித்து, கடையில் ஒரு கிண்ணம் எண்ணெய் வாங்கிக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போனேன். அய்யா கட்டிக்கொண்டிருந்த அபராதம் என்னுடையது. விளக்கில் ஊற்றிவிட்டுக் கை குவித்தபோது விரல் இடுக்கிலிருந்து அந்த வாடை வந்தது. அம்மா, பார், எடுத்துவிட்டேன். கை மணக்கிறது. பிடித்துப் பார்க்கத்தான் யாரும் இல்லை.